பூட்டுலோடர்

காலையில் பூட்டுக் கடையைத் திறந்த கையோடு சின்னவள் இணையக் குழுவில் ஒரு கேள்வியைப் போட்டாள். "பூட்டுலோடரைத் திறக்கணும்னு எல்லாரும் சொல்றீங்க. அந்தப் பூட்டு போன்ல எந்தப் பக்கம் இருக்கு?"

சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்தன. ஒன்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது, இன்னொன்று தரையில் உருண்டு சிரித்தது. சிரிக்கட்டுமே. பிறந்ததிலிருந்து பூட்டுக்கும் சாவிக்கும் நடுவே வளர்ந்தவள், பெயரிலேயே பூட்டை வைத்திருக்கும் ஒரு சாமானைப் பற்றி வேறு என்னத்தைக் கேட்பாள்?

மின்மினி என்ற புனைபெயரில் இருந்தவர் மட்டும் பொறுமையாகப் பதில் எழுதினார். "அது பூட்டு இல்லைங்க, பூட். போனைத் தூக்கத்திலேர்ந்து எழுப்பி விடுற புரோகிராமுக்கு பூட்லோடர்னு பேரு. ஆனா கம்பெனிக்காரன் அதைப் பூட்டித்தான் வெச்சிருப்பான். அதனால நீங்க சொன்னதும் ஒரு வகையில தப்பில்ல."

'தப்பில்ல' என்ற சொல்லைச் சின்னவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மீதி விளக்கம் காற்றோடு போயிற்று.

போனோடு கம்பெனி கொடுத்த மென்பொருளைக் கழற்றிவிட்டு, ஆர்வலர்கள் ஆக்கித் தரும் புது மென்பொருளை ஏற்றுவது எப்படி என்று பேசிக்கொள்ளும் குழு அது. சின்னவளுக்கு அதில் ஆசை எல்லாம் இல்லை, அவசரம்தான். புதிதாகக் கட்டியிருக்கும் பிரசவ ஆஸ்பத்திரியில் ஒரு கதவுக்கு டிஜிட்டல் பூட்டு மாட்டி, அன்று சாயங்காலம் வேலை செய்து காட்ட வேண்டும். பிடித்துப்போனால் மாடி மொத்தத்துக் கதவுகளும் அவர்கள் கடைக்கு. இல்லையென்றால் காத்துக்கொண்டிருக்கும் பெரிய கம்பெனிக்கு. பூட்டை மாட்டியாகிவிட்டது. அதை ஆட்டி வைக்கிற ஆப் சின்னவளின் போனில் இருக்கிறது. பயிற்சிக்குப் போனபோது பூட்டுக் கம்பெனி அந்த ஒரு போனைத்தான் பதிவு செய்தது. வேறு போனுக்கு மாற்ற வேண்டுமானால் வாரக்கணக்காகும்.

அந்த ஆப் நேற்று திடீரென்று கதவைச் சாத்திவிட்டது. உங்கள் போன் பழசு, அப்டேட் செய்துவிட்டு வாருங்கள் என்றது. அப்டேட் கேட்டுப் போனால், போன் கம்பெனியோ இதற்கு மேல் உங்களுக்கு ஒன்றும் கிடையாது என்று கையை விரித்தது. இரண்டு பேரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு அவளை அலைக்கழிப்பது போல இருந்தது.

"புது போனை ஏத்துக்க மாட்டான், பழைய போன் வேலை செய்யாது. நல்லா இருக்குடா உங்க நியாயம்," என்று பெரியவன் பட்டறை மேசையிலிருந்து குரல் கொடுத்தான். பெரியவன் என்றால் அவளுடைய அண்ணன். அரத்தால் சாவியை ராவிக்கொண்டிருந்தான். கைக்கு அடங்கும் எந்தப் பூட்டும் அவனுக்குப் பணிந்துவிடும். ஆனால் போனில் விரலால் தேய்ப்பதை வேலை என்று அவன் ஒப்புக்கொண்டதே இல்லை. "ஏதாவது ஏடாகூடமாப் போச்சுன்னா என்ன ஆகும்னு கேட்டியா?"

கேட்டாள். "செங்கல் ஆயிடும்," என்று வந்த பதிலைப் படித்துக் காட்டினாள்.

"செங்கலா?"

"எதுக்கும் உதவாத செங்கல் மாதிரி ஆயிடுமாம்."

"கவலைப்படாத. கடைக் கதவு காத்துல அடிச்சுக்குது. ஒரு செங்கல் தேவைதான்," என்றான்.

சின்னவள் அவனை முறைத்துவிட்டு அடுத்த கேள்வியைப் போட்டாள். அதற்கடுத்ததையும் போட்டாள். போன் சூடாகி வெடிக்குமா? கேபிள் எதுவாக இருந்தாலும் பரவாயில்லையா? போட்டோ எல்லாம் போய்விடுமா? "போயிடும், முதல்ல எடுத்து லேப்டாப்ல வெச்சுக்கோங்க," என்றார் மின்மினி. எடுத்து வைத்தாள். "புதுசு ஏத்துறதுக்கு முன்னாடி நல்லாத் துடைச்சிடணும், மறந்துடாதீங்க," என்றார். எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கிற துணியால் போனை முன்னும் பின்னும் பளபளவென்று துடைத்துவிட்டு, "துடைச்சாச்சு, அடுத்து?" என்று கேட்டாள். இந்த முறை மின்மினியே தரையில் உருண்டு சிரித்தார்.

"உள்ளே இருக்கிறதைத் துடைக்கணும்மா! அழிக்கணும்!"

"அப்போ அழிக்கணும்னு சொல்ல வேண்டியதுதானே," என்று அவளும் விடவில்லை.

பேச்சு வளர்ந்தாலும் வேலை நின்றுவிடவில்லை. செட்டிங்ஸில் ஒரு எண்ணை ஏழு முறை தட்டச் சொன்னார். ஏழாவது தட்டுக்கு, அதுவரை கண்ணில் படாத ஒரு பகுதி தன்னால் திறந்துகொண்டது. சின்னவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கம்பியும் நெம்புகோலும் இல்லாமல், தட்டினால் திறக்கிற கதவு! அங்கே ஒரு பொத்தான் இருந்தது. பூட்டைத் திறக்க அனுமதி தருகிற பொத்தான். அதைப் போட்டாள். போனைக் கேபிளில் கோர்த்து லேப்டாப்பில் கட்டளையை எழுத்து எழுத்தாகப் பார்த்து அடித்தாள். போன் திரையில், உறுதியா, திறக்கட்டுமா என்று கேள்வி வந்தது. ஒலிப் பொத்தானை அழுத்தி ஆமாம் என்றாள்.

"அண்ணா, திறந்துடுச்சு! திறந்துடுச்சுண்ணா!"

பெரியவன் அரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தான். சும்மா வேடிக்கை பார்க்க வந்ததாகக் காட்டிக்கொண்டான். ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். வாசலில் சாவி வெட்ட வந்தவரிடம், "கொஞ்சம் இருங்க சார், முக்கியமான கட்டத்துல இருக்கோம்," என்று வேறு சொன்னான். வந்தவரும் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பழையதை அழித்து, புதியதை ஏற்றினாள். திரையில் ஒரு கோடு ஊர்ந்து ஊர்ந்து பாதியில் நின்றது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கோடு மறுபடி நகர்ந்தது. போன் அணைந்து, எழுந்து, கறுப்புத் திரையில் புது மென்பொருளின் சின்னமான ஒரு காகிதக் கப்பல் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. ஆடுகிறது, ஆடுகிறது, கரை சேர்வதாகக் காணோம். முதல் முறை நேரம் எடுக்கும், கை வைக்காதீர்கள் என்று மின்மினி எழுதியிருந்தார். சின்னவள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

திடீரென்று வணக்கம் என்று ஒரு வெளிச்சம். புத்தம் புதுத் திரை. அவசர அவசரமாக ஆப்பை இறக்கித் திறந்தாள். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் அது அவளை உள்ளே விட்டது. பதிவு செய்த போன் இதுதான் என்று அவள் பெயரையும் காட்டியது. சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து ஒரு சுற்று சுற்றினாள். சாவி வெட்ட வந்தவர் கை தட்டினார். பெரியவன், "பரவாயில்லையே," என்றான். அவன் வாயிலிருந்து அது வருவது மாலை போட்டதற்குச் சமம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் அதைச் செய்தாள்.

பூட்டுக்கடைக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறந்து கொடுத்தால், அதைத் திரும்பப் பூட்டிப் பார்க்காமல் வரக்கூடாது. திறந்து போட்டுவிட்டு வருவது அரைகுறை வேலை. சின்னவளின் கை அதில் பழகிப்போன கை. பூட்டுலோடரைத் திறந்தோம், வேலை முடிந்தது, அப்படியே விட்டுவிட்டுப் போவதா? பெயரிலேயே பூட்டு இருக்கிறதே! திறக்கிற கட்டளைக்குக் கீழேயே பூட்டுகிற கட்டளையும் இருந்தது. யாரையும் கேட்கவில்லை. காலையிலிருந்து உப்புச் சப்பில்லாத கேள்வியை எல்லாம் கேட்டவள், கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்காமல் விட்டாள். கட்டளையை அடித்து, ஆமாம் என்று அழுத்தினாள்.

போன் அணைந்தது. எழுந்தது. காகிதக் கப்பல் வரவில்லை. சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது. இதிலிருக்கும் மென்பொருள் நம்பத் தகுந்ததல்ல, போன் இயங்காது.

அணைத்துப் போட்டாள். அதே சிவப்பு. இன்னொரு முறை போட்டாள். சின்னவளின் முகத்தில் ஈயாடவில்லை. ஆஸ்பத்திரிக் கதவுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவளை வெளியே வைத்துச் சாத்திக்கொண்டன. சாவி வெட்ட வந்தவர், நான் நாளைக்கு வருகிறேன் என்று நழுவினார்.

"என்னடி ஆச்சு?" என்றான் பெரியவன்.

"பூட்டிட்டேன்."

"பூட்டினா நல்லதுதானே?"

"அப்படித்தாண்ணா நானும் நெனச்சேன்!" என்று சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. முட்டாள், முட்டாள் என்று தன்னையே வைதுகொண்டாள்.

பெரியவனுக்கு இது நல்ல வாய்ப்பு. செங்கல் ஜோக்கை இரண்டாம் முறை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளி, "அழுறதை அப்புறம் அழு. அந்த மின்மினியைக் கேளு," என்றான்.

கேட்டாள். பூட்டிவிட்டேன் என்று ஒரே வரி. குழுவில் ஒருவரும் சிரிக்கவில்லை. அது அவளை இன்னும் பயமுறுத்தியது.

"வேற மென்பொருள் போட்டா பூட்டக்கூடாதுங்க," என்று மின்மினி எழுதினார். "பூட்டினா அது கம்பெனிச் சரக்கைத் தவிர எதையும் உள்ளே விடாது. சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. திறக்க அனுமதி குடுத்த பொத்தான் ஞாபகம் இருக்கா? அதையும் அணைச்சுட்டீங்களா?"

"இல்ல. அதைத் தொடவே இல்ல."

"நிச்சயமா?"

"நிச்சயமா. பூட்டின உடனே சாவியைத் தூக்கிக் குடுத்துட மாட்டோம். சொந்தக்காரங்க திறந்து பார்க்கிற வரைக்கும் ஒரு சாவி எங்க கையில இருக்கும்."

"நீங்க பூட்டுக் கடையா!" என்று மின்மினிக்கு அப்போதுதான் உறைத்தது. "அதான் பூட்டியிருக்கீங்க! அந்தப் பொத்தானை அணைச்சிருந்தீங்கன்னா செங்கலேதான். இப்போ மறுபடி திறக்கலாம். எல்லாம் அழிஞ்சு போகும், முதல்லேர்ந்து ஏத்தணும், அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்த முறை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. திறந்தாள், அழித்தாள், ஏற்றினாள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தாள். கப்பல் ஆடத் தொடங்கியதும் பெரியவன் தன்னையறியாமல் அதோடு சேர்ந்து தலையை ஆட்டினான். வணக்கம் வந்தது. ஆப் திறந்தது. அவள் பெயர் வந்தது. லேப்டாப்பிலிருந்து கேபிளைப் பிடுங்கி எறிந்தாள், எங்கே கை மறுபடி பூட்டப் போய்விடுமோ என்று.

இருவரும் கடையைச் சாத்திவிட்டு ஓடினார்கள்.

ஆஸ்பத்திரியில் இன்னும் பெயிண்ட் வாசனை போகவில்லை. மேனேஜர் அம்மாள் நறுக்கென்று பேசுகிறவர். மருந்து வைக்கும் அறைக் கதவைக் காட்டி, "வெளியே நின்னு திறந்து மூடிக் காட்டுறதை எல்லாரும் காட்டிட்டுப் போயிட்டாங்க," என்றார். "ராத்திரி டியூட்டி நர்ஸ் உள்ள இருக்கும்போது கதவு பூட்டிக்கிச்சுன்னா? உள்ள ஒரு ஆளை வெச்சுப் பூட்டித் திறந்து காட்டுங்க."

சின்னவளுக்குச் சுருக்கென்றது. போனோடு அவள் வெளியே நின்றாக வேண்டும். உள்ளே போக வேறு ஆள் இல்லை. பெரியவனுக்கோ பூட்டிய அறை ஆகவே ஆகாது. பூட்டையே பிழைப்பாக வைத்திருப்பவன், வீட்டில் குளியலறைத் தாழ்ப்பாளைக்கூடப் போட மாட்டான். ஆள் இருப்பது தெரிய வேண்டும் என்று பாட்டுப் பாடியே குளித்துவிட்டு வருவான். அந்த அறைக்கு ஜன்னலும் இல்லை.

"அண்ணா, நான் வேற யாரையாவது..."

அவன் அவள் கையிலிருந்த போனைப் பார்த்தான். மத்தியானம் தன் கண் முன்னாலேயே செத்துக் கிடந்த போன்.

"பூட்டு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டான்.

அவள் விரலால் தொட்டாள். பூட்டு விழுந்தது. அந்த நேரம் பார்த்து மேனேஜரின் போன் அடிக்க, அவர் பேசிக்கொண்டே நடைவழியில் திரும்பிவிட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து பாட்டுச் சத்தம் கிளம்பியது. சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். சின்னவள் திற என்பதைத் தொட்டாள். ஒரு கணம் ஒன்றுமே நடக்கவில்லை. பாட்டு இன்னும் உரக்க வந்தது. பிறகு பூட்டுக்குள் மோட்டார் கிர்ரென்று சுற்றி, கதவு திறந்துகொண்டது.

பெரியவன் சட்டையெல்லாம் வியர்வையாக நின்றான். "திறந்துடுச்சு!" என்று கத்தினான். "திறந்துடுச்சு!" என்று அவளும் கத்தினாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி என்றும் பாராமல் குதித்தார்கள்.

மேனேஜர் பேசி முடித்துவிட்டுத் திரும்பி வந்தார். "என்ன, பூட்டிட்டீங்களா? நான் கவனிக்கலையே."

சின்னவள் விளக்கம் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பெரியவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போய் நின்றான்.

"இன்னொரு தடவை பூட்டு, குட்டி. மேடம் பக்கத்துல வந்து பாக்கட்டும். அவசரப்படாத, மெதுவாவே திற."

கதவை அவனே சாத்தினான். அவள் பூட்டினாள். இந்த முறை உள்ளேயிருந்து பாட்டு வரவில்லை.