லேபிளில் ஒரு தேனீ

காலை ஒன்பதே காலுக்கு உடைசல் கொட்டகையில் செங்கா ராஃபர்ட்டி வேலை எதுவும் செய்யாமல் நின்றுகொண்டிருந்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் அப்படி நின்றதில்லை. நிற்பதற்கு அந்தக் கம்பெனியில் அனுமதியும் கிடையாது.

கலர் சோடா நிரப்பும் மிஷினில் உடைகிற பாட்டில்கள் எல்லாம் இந்தக் கொட்டகைக்குத்தான் வரும். கண்ணாடியைத் தனியாகப் பொறுக்கி, மிச்சமிருக்கும் கலரைச் சாக்கடைக்கு விட்டு, மூடிகளை வேறு தொட்டியில் போட வேண்டும். சிவப்பு மூடி போட்டது சர்க்கரைக் கலர். பச்சை மூடி போட்டது சர்க்கரை இல்லாத கலர். ஆகஸ்ட் பிறந்தால் லானார்க்‌ஷயரில் உள்ள குளவிகள் மொத்தமும் இங்கேதான் குடியிருக்கும். ஆனால் சிவப்பு மூடிப் பக்கம் மட்டும். பச்சை மூடிப் பக்கம் ஒன்றிரண்டு வரும், மோந்து பார்க்கும், சாப்பாடு போடாத கல்யாணத்துக்கு வந்துவிட்டதுபோல் திரும்பிப் போய்விடும். சர்க்கரைக்குப் பதிலாகப் போட்டு மனுஷ நாக்கை ஏமாற்றிய வெள்ளைத் தூளுக்குக் குளவியை ஏமாற்றத் தெரியவில்லை.

இன்றைக்குப் பச்சை மூடித் தட்டில்தான் குளவிகள் அப்பிக் கிடந்தன. கண்ணாடிச் சில் தெரியவில்லை.

செங்கா காலைத் தூக்கிப் பார்த்தாள். ரப்பர் பூட்ஸ் சர்ரென்று தரையை விட்டுப் பிரிந்தது. அதுவும் சரியில்லை. சர்க்கரைக் கலர் சிந்திக் காய்ந்தால்தான் தரை காலைப் பிடிக்கும். பச்சை மூடி சிந்தினால் மழைத் தண்ணீர் மாதிரி காய்ந்துவிடும். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே அவளால் சொல்ல முடியும், பூட்ஸ் சொல்லிவிடும்.

"என்னம்மா செங்கா, சிலை மாதிரி நிக்கிறே? புறா வந்து உக்காரப் போவுது."

ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டவன் டூகி லாக்ஹார்ட். லாரிகளில் சரக்கு ஏற்றுகிறவன். பதினாலு வயதிலிருந்து சுகருக்கு ஊசி போட்டுக்கொள்கிறவன். ஊரில் எல்லோரும் பிறந்த நாளுக்குக் கலர் குடித்தபோது தண்ணீர் குடித்து வளர்ந்தவன் என்பதால், பச்சை மூடியை யாராவது குறை சொன்னால் சண்டைக்கு வருவான்.

"இங்க பாரு டூகி. பச்சை மூடியில குளவி."

"அதுக்கும் பசிக்காதா, பாவம்."

"பத்தொம்போது வருஷமாப் பசிக்காதது இன்னைக்கு மட்டும் பசிக்குமாய்யா? ஆமா, நீ என்ன குடிக்கிறே?"

டூகி கையிலிருந்த பாட்டிலைத் திருப்பிக் காட்டினான். பச்சை மூடி. லேபிளில் மஞ்சள் பூ, பூவின் மேல் கொழுகொழுவென்று ஒரு தேனீ, கீழே 'மெடோ: இயற்கை அன்னையின் இனிப்பு' என்ற எழுத்து. இயற்கை அன்னை இருபது கிலோ டப்பாவில் தூளாக வருவாள். மூடியைத் திறக்கும்போது முகமூடி போட்டுக்கொள்ள வேண்டும் என்று டப்பாவின் மேல் எழுதியிருக்கும்.

"புதுசு. இன்னைக்குத்தான் முதல் லோடு போவுது. ரெண்டாவது பாட்டில் இது. காலையிலேருந்து தாகமான தாகம், நாக்கு செருப்புத் தோல் மாதிரி ஆயிடுச்சு." ஒரு மடக்குக் குடித்தான். "ஆனா ஒண்ணு சொல்லணும். இவனுங்க பண்ணின பச்சை மூடியிலேயே இதுதான் அசல் சர்க்கரை போட்டாப்புல இருக்கு."

செங்கா அவன் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கினாள்.

"போய்ச் சுகர் பாரு. இப்பவே."

"பத்தரைக்கு லாரி கிளம்பணும்மா. டீ நேரத்துல பாக்குறேன்."

"டூகி, இப்பவே."

அவன் சிரித்தான். ஆனாலும் வண்டியை விட்டு இறங்கினான். இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டதை அவள் கவனித்தாள்.

சூப்பர்வைசர் அறைக்கு நாற்பது தப்படி. அந்த நாற்பது தப்படியும் செங்கா தன் பெயரில் இருக்கும் இரண்டு கடிதங்களை நினைத்துக்கொண்டே நடந்தாள். முதல் எச்சரிக்கை, பஸ் நின்றுபோய்ப் பன்னிரண்டு நிமிஷம் தாமதமாக வந்ததற்கு. இரண்டாவது, வேலை நேரத்தில் கவிழ்த்த கிரேட்டின் மேல் உட்கார்ந்ததற்கு. மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவளுக்கு ஐம்பத்தேழு வயது. அவள் தங்கச்சி ஐம்பத்தைந்தில் வேலை போய், "கூப்பிடுகிறோம்" என்று சொன்ன எட்டுக் கம்பெனிகளின் கூப்பாட்டுக்காக இரண்டு வருஷமாக ஃபோனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

சூப்பர்வைசர் ஃப்ரேசர் பெட்டிக்ரூ கண்ணாடி முன்னால் நின்று, தலைமுடி வலைக்குள் தன் வகிடு கலையாதபடி சரிசெய்துகொண்டிருந்தார். முதல் லோடு கிளம்பும்போது அவர் பேசப்போகிற பேச்சு மேஜை மேல் நாலு பக்கம் இருந்தது. தலைப்பு: 'தேனீயும் நாமும்'.

"சார், இன்னைக்குப் பச்சை மூடியில சர்க்கரை கலந்திருக்கு."

"யார் சொன்னது?"

"குளவி."

பெட்டிக்ரூ திரும்பினார். "குளவி. நம்ம லேப்ல வேலை பாக்குதா?"

"தட்டு பூரா மொய்ச்சிருக்கு சார். தரையும் காலைப் பிடிக்குது. லேப்ல சர்க்கரை பாக்குற கண்ணாடி இருக்கே, ஒரு சொட்டு வெச்சுப் பாத்தா போதும். ஒரு நிமிஷம்."

அவர் ஃபார்மை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "புளிப்பு, டிக். காஸ், டிக். நிறம், டிக். மூடி இறுக்கம், டிக்."

"சர்க்கரை?"

"பொருந்தாது."

"அப்படின்னா?"

"அச்சடிச்சே இருக்கு பாரு. பொருந்தாது. சர்க்கரையே இல்லாத கலர்ல சர்க்கரையை எதுக்கும்மா அளக்கணும்? முன்னாடி அளந்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. நான்தான் அந்த ஃபார்மைத் திருத்தினேன். ஒரு தடவைக்குப் பதினோரு நிமிஷம் மிச்சம்." மிச்சப்படுத்திய நிமிஷங்களுக்காகத் தலைமை அலுவலகம் கொடுத்த பாராட்டுப் பத்திரம் அவர் தலைக்கு மேல் கண்ணாடிச் சட்டத்தில் இருந்தது.

"சிரப் டேங்க் வால்வுல ரப்பர் போயிடுச்சுன்னு மே மாசமே சீட்டு எழுதி மாட்டியிருக்காங்க சார். சர்க்கரை சிரப் அது வழியாத்தான் இந்தப் பக்கம் கசிஞ்சிருக்கணும்."

"அது பராமரிப்பு. இது தரம். ரெண்டையும் போட்டுக் குழப்பாதே." குரலைத் தாழ்த்தினார். "உனக்கு ஏற்கெனவே ரெண்டு கடிதம் இருக்கு செங்கா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். பத்தரைக்குப் போட்டோக்காரர் வர்றாரு. கொட்டகையில மருந்தடிச்சு வை. 'தேனீக்களைக் காப்போம்'னு பேனர் கட்டியிருக்கோம், பின்னாடி பூச்சி பறந்தா நல்லாவா இருக்கும்?"

மருந்து டப்பாவோடு அவள் திரும்பி வந்தபோது லாரியில் கடைசிச் சரக்குத் தட்டு ஏறிக்கொண்டிருந்தது. ஏற்றியது டூகி இல்லை, வேறொருவன். டூகி சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். முகம் மாவு பூசினதுபோல் இருந்தது. விரல் நுனியில் ரத்தம் ஒரு பொட்டாக நின்றது. மடியில் கிடந்த சின்ன மீட்டரை அவன் அவளிடம் நீட்டினான்.

"வீட்டுலேருந்து கிளம்பறப்ப ஏழு இருந்துச்சு, செங்கா. ஏழுன்னா எனக்கு நல்ல நாள்."

மீட்டரில் இருபத்தொன்று. மூன்று மடங்கு.

"பதினஞ்சு தாண்டினாலே டாக்டரைக் கூப்பிடணும்னு போன வருஷம் சொன்னியே."

"மீட்டர் கெட்டுப் போயிருக்கும்னு ரெண்டாந்தரம் பாத்தேன். ரெண்டாந்தரமும் அதேதான்." உதட்டை நக்கினான். "தண்ணி குடு. தண்ணியேதான் குடு, தாயே. கலர் வேணாம்."

பைப்பில் பிடித்துக் கொடுத்தாள். அவன் குடித்துக்கொண்டே இருந்தான். அவள் டிரைவரிடம் போனாள்.

"அண்ணே, லோடு எங்கே போவுது?"

"முதல்ல ஆஸ்பத்திரிக் கேன்டீன். அப்புறம் கடைங்க. சுகர்காரங்களுக்குன்னு தனி அலமாரியே போட்டிருக்காங்களாம், ஆஸ்பத்திரிக்காரங்க."

வாசலில் பேனர் படபடத்தது. பெட்டிக்ரூ லாரியின் முகப்பில் ஒரு கையை வைத்து, மறு கையில் பாட்டிலை ஏந்தி நின்றார். தேனீ கேமராவைப் பார்க்க வேண்டும் என்று போட்டோக்காரர் சொல்ல, அவர் பாட்டிலைத் திருப்பினார். டிரைவர் ஏறி இன்ஜினைக் கிளப்பினான்.

சரக்கு ஏற்றும் மேடைத் தூணில் ஒரு சிவப்புப் பித்தான் உண்டு. அழுத்தினால் வாசலின் இரும்புக் கதவு இறங்கும், மணி அடிக்கும், லைன் மொத்தமும் நிற்கும். 'சூப்பர்வைசர் மட்டும்' என்று மேலே எழுதியிருந்தது. அந்த எழுத்தை செங்கா பத்தொன்பது வருஷமாகத் துடைத்து வந்திருக்கிறாள். வாரம் ஒரு தடவை, ஈரத் துணியால்.

"செங்கா!" என்று பெட்டிக்ரூ கத்தினார். அவள் கை எங்கே போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "கையை எடு! எடுன்னு சொல்றேன்ல!"

அவள் அழுத்தினாள்.

இரும்புக் கதவு லாரியின் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் இறங்கி நின்றது. மணி அடித்தபடி இருந்தது. உள்ளே பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்து ஓய்ந்தன. போட்டோக்காரர் என்ன நடக்கிறதென்று தெரியாமல் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

லேப்பிலிருந்து இன்னஸ் என்ற ஒல்லி மனிதர் ஓடி வந்தார். அவர் மேலங்கிப் பையில் சர்க்கரை பார்க்கிற அந்தக் கண்ணாடி இருந்தது. யாரும் சொல்லாமலே, செங்கா நீட்டிய பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"எவ்வளவு?" என்றார் பெட்டிக்ரூ.

"எட்டு."

"எட்டு நல்லதுதானே?"

"நூறுக்கு எட்டுப் பங்கு சர்க்கரை சார். சைபர் இருக்கணும்."

மணியை யார் நிறுத்தினார்கள் என்று செங்கா பார்க்கவில்லை. ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் அவள் டூகியின் பக்கத்தில், கவிழ்த்த கிரேட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"நீ உக்காந்திருக்கே," என்றான் டூகி, கண்ணைத் திறக்காமல். "அதுக்கும் கடிதம் வரும்."

"வரட்டும். நீ பேசாம இரு."

வியாழக்கிழமை அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் பெட்டிக்ரூவும், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு அம்மாளும். டூகி பிழைத்துக்கொண்டான் என்பதில் கம்பெனிக்கு மகிழ்ச்சி என்று அந்த அம்மாள் தொடங்கினாள். வேலை நேரத்தில் சரக்கை எடுத்துக் குடித்ததற்காக அவனுக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. உடைசல் கொட்டகையில் குளவிகள் இருந்ததைப் பூச்சிப் பதிவேட்டில் எழுதாதது செங்காவின் முதல் தவறு. அனுமதியில்லாமல் அவசரப் பித்தானைத் தொட்டது இரண்டாவது.

"நான் அழுத்தலேன்னா லாரி போயிருக்கும்மா," என்றாள் செங்கா.

"நீங்க சொன்னது சரியா இல்லையாங்கிறது இங்கே கேள்வியே இல்ல," என்றாள் அந்த அம்மாள், மிகவும் கனிவாக. "முறைப்படி சொன்னீங்களாங்கிறதுதான்."

"சார்கிட்ட சொன்னேனே."

பெட்டிக்ரூ தன் பேனாவைப் பார்த்தார். "எழுத்துல எதுவும் வரல."

மூன்றாவது கடிதம் ஏற்கெனவே அச்சாகி மேஜையில் இருந்தது. பக்கத்தில் அந்த மாதத்துக் கம்பெனிச் செய்தித்தாள். முதல் பக்கத்தில் இறங்கிய கதவும், அதன் முன்னால் கையை உயர்த்தி நிற்கிற பெட்டிக்ரூவும். கீழே: 'விழிப்போடு செயல்பட்ட நம் தரக் கட்டுப்பாடு'. கையை எடு என்று கத்தியபோது உயர்த்திய கையை அவர் இறக்குவதற்கு முன் எடுத்த படம். படத்தில் பார்த்தால் லாரியை அவரே தடுத்து நிறுத்துவதுபோல்தான் இருந்தது.

கம்பெனிச் சாமான்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டியது மட்டும் பாக்கி. ஸ்டோர் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் மொய்ரா அடையாள அட்டையை வாங்கினாள், கையுறையை வாங்கினாள், பூட்ஸைத் திருப்பிப் பார்த்துவிட்டு நெளிந்தாள்.

"தப்பா எடுத்துக்காதேக்கா. அடியெல்லாம் ஒட்டுது. சுத்தமா இருந்தாத்தான் வாங்கணும்னு ஃபார்ம்ல இருக்கு."

"உன் தப்பு என்னடி. குடு."

செங்கா கொட்டகைக் குழாயடிக்குப் போனாள். சுடுதண்ணீரைத் திறந்து, பூட்ஸைக் கவிழ்த்துப் பிடித்து, பிரஷ்ஷால் அடிப்பள்ளங்களைத் தேய்க்க ஆரம்பித்தாள். பழுப்பாகச் சர்க்கரை கரைந்து ஓடியது. குழாய்க்கு மேலே, பெட்டிக்ரூ புதிதாக மாட்டச் சொன்ன குளவிப் பொறி தொங்கியது: கழுத்தை அறுத்துத் தலைகீழாகச் செருகிய மெடோ பாட்டில், உள்ளே பாதிவரை இந்த வாரம் சர்க்கரை கலக்காமல் சரியாகச் செய்த சரக்கு. மூன்று நாளாகத் தொங்குகிறது. திரவம் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. அதில் இருந்த ஒரே பூச்சி லேபிளில் அச்சடித்ததுதான்.