ரூட்டருக்கு வைத்த பெயர்

அன்று காலையிலிருந்தே பொம்மிக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தக் கம்பெனியின் கிழக்குக் கிளையில் அவள் நெட்வொர்க் இன்ஜினியர். ஊரின் மறுகோடியில் இருந்த மேற்குக் கிளையில் இதே வேலையைப் பார்ப்பவரின் குரல் மட்டும்தான் அவளுக்குப் பழக்கம், முகம் தெரியாது. இரண்டு கிளைகளுக்கும் நடுவே நேராக ஒரு லைன் உண்டு. அது அடிக்கடி படுத்துக்கொள்ளும். உடனே இவள் போன் செய்வாள், பிங் போகிறதா, அதாவது இங்கிருந்து தட்டினால் அங்கிருந்து பதில் வருகிறதா என்று கேட்பாள், அவர் பார்த்துச் சொல்வார். இதில் என்ன காதல் வந்துவிடும் என்று கேட்கிறவர்கள் அந்தக் குரலைக் கேட்டதில்லை. லைன் எப்போது படுக்கும் என்று ஏங்கும் இன்ஜினியர் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அந்த லைனுக்குத்தான் இன்று சாயங்காலம் ஆயுசு முடிகிறது. அதைக் கழற்றிவிட்டு, எல்லாக் கிளைகளையும் தலைமை அலுவலகத்தின் வழியாக இணைக்கப் போகிறார்கள். நாளை முதல் என்ன கோளாறு என்றாலும் தலைமை அலுவலகத்து மேடத்திடம்தான் சொல்லவேண்டும். மேற்குக் கிளைக்குப் போன் செய்ய இவளுக்கு ஒரு சாக்கும் மிஞ்சாது.

"ஒரு டீ குடிக்கக் கூப்பிடத் தெரியல. நீயெல்லாம் எப்படித்தான் ரெண்டு ஆபீசை இணைச்சு வெக்கிறியோ," என்று அண்ணி காலையில் தோசைக்கரண்டியும் கையுமாகக் கேட்டாள். அண்ணிக்கு என்ன, வாய் இருக்கிறது. அவர் "ஹலோ" என்றாலே இவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறதே.

பஸ்ஸில் வரும்போதுதான் அந்த யோசனை உதித்தது. கிளைக்கு ஒன்றாக லைனைப் பிடித்துக்கொண்டிருக்கும் ரூட்டர்கள் சும்மா இருக்காது. நிமிஷத்துக்கு ஒரு தடவை, ஒட்டியிருக்கும் ரூட்டரிடம் தன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கும். 'ஷோ சிடிபி நெய்பர்ஸ்' என்று தட்டினால் அக்கம்பக்கத்து ரூட்டர்களின் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். வேலைக்கு வந்ததும் முதலில் அதைத்தான் தட்டுவேன் என்று அவர் ஒருமுறை சொல்லியிருக்கிறார். ரூட்டருக்குப் பெயர் வைப்பது யார்? பொம்மிதானே.

ஆபீசுக்குள் நுழைந்ததும், பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல், மேற்குக் கிளைக்குப் பிங் அடித்தாள். திரையில் ஐந்து ஆச்சரியக்குறிகள் பளிச்சென்று விழுந்தன. ஐந்துக்கும் பதில் வந்துவிட்டது, லைன் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தெம்பில், கிழக்கு-1 என்றிருந்த பெயரை அழித்துவிட்டு, ஆங்கில எழுத்தில் 'டீ-குடிக்க-வர்றீங்களா' என்று அடித்து என்டரைத் தட்டினாள். கேள்விக்குறி போட வழியில்லை, போட்டால், இவள் உதவி கேட்கிறாள் என்று ரூட்டர் நினைத்துக்கொள்ளும். உண்மையும் அதுதான்.

மேஜைப் போன் அடித்தது. பொம்மி இரண்டு கைகளாலும் எடுத்தாள்.

"கிழக்குக் கிளை ரூட்டர் என்னை டீ குடிக்கக் கூப்பிடுது," என்றது மேடத்தின் குரல். "எனக்கு டீ ஒத்துக்காது."

மேடம் சிரித்துப் பார்த்தவர்கள் அந்தக் கம்பெனியில் யாரும் இல்லை. பொம்மி நெய்பர்ஸ் கட்டளையைத் தட்டினாள். பட்டியலில் ஒரே ஒரு பெயர். தலைமை அலுவலகம். மேற்குக் கிளையைக் காணோம்.

ஆட்கள் சீக்கிரமே வந்துவிட்டதால் காலையிலேயே லைனைக் கழற்றிவிட்டார்கள். அந்தத் தகவல் அவள் போனிலேயே படிக்கப்படாமல் கிடந்தது. பிங் போனது உண்மைதான், ஆனால் தலைமை அலுவலகத்தைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. பிங் எத்தனை வாசல் ஏறி இறங்கியும் போய்ச் சேரும். பெயர் அப்படியில்லை, அடுத்த வாசலோடு நின்றுவிடும். பக்கத்தில் யார் என்று பார்க்காமல் பெயரை மாற்றிய இன்ஜினியர் என்று சரித்திரத்தில் இடம் பிடித்துவிட்டாள்.

"அது உங்களுக்கு இல்லைங்க மேடம்," என்றாள். பொய் சொல்லவும் வரவில்லை. "மேற்குக் கிளைக்கு."

"பேரை மாத்தாதீங்க. அப்படியே இருக்கட்டும்," என்று சொல்லி மேடம் போனை வைத்துவிட்டார்.

தொலைந்தது, ஆதாரத்துக்கு வைத்துக்கொள்கிறார், வேலை போயிற்று என்று பொம்மி முடிவு கட்டினாள். ஆனால் வேலை போகிற துக்கம் ஏனோ சரியாகப் பிடிபடவில்லை. அவர் பார்க்கவே இல்லையே என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது. சும்மா உட்கார முடியாமல் நெய்பர்ஸை மறுபடி தட்டினாள். தலைமை அலுவலகத்து ரூட்டரின் பெயர் மாறியிருந்தது.

'மேற்குக்காரரே-கிழக்கு-உங்களை-டீக்குக்-கூப்பிடுது.'

பொம்மி வாயைப் பொத்திக்கொண்டாள். தலைமை அலுவலகம் அவருக்கு மட்டுமா பக்கத்து வீடு? எல்லாக் கிளைக்கும்தான். அடுத்த நிமிஷம் வடக்குக் கிளைக்காரர் போன் செய்து, பிஸ்கட்டும் உண்டா என்று விசாரித்தார். தெற்குக் கிளை அக்கா, மாப்பிள்ளைக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தாள். மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது. பொம்மிக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அடக்க அடக்கக் கண்ணில் நீர் முட்டியது.

தன் ரூட்டருக்குப் பெயர் வைத்து அவர் என்ன பதில் சொன்னாலும் அது மேடத்தின் திரையில்தான் தெரியும். பொம்மி தட்டினாள். மேடம் வைத்த அதே பெயர்தான் இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் தட்டினாள். மாறவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டாரோ, அதை எப்படி எழுதுவது என்று மேடம் யோசிக்கிறாரோ. இன்னொரு தடவை தட்டினாள்.

'அவர்-கிளம்பிட்டார்-தலையைச்-சீவிட்டு-வாசலுக்குப்-போடி.'

எல்லோரிடமும் நீங்க, வாங்க என்றே பேசுகிற மேடம் அது. அந்த 'டி'யைப் பார்த்ததும் பொம்மிக்கு மேடத்தைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது. தலையைச் சீவினாளா என்பது அவளுக்கே தெரியாது, படியில் இரண்டிரண்டாக இறங்கிக்கொண்டிருந்தாள்.

வாசலில் அரைமணி காத்திருந்த பிறகு, ஒருவர் வந்து ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றவும் மறந்து நின்றார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. இவளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மறுபடி இவளைப் பார்த்தார்.

"டீ குடிக்க வர்றீங்களா?" என்று பொம்மி தன் வாயாலேயே கேட்டாள்.

ஹெல்மெட் வேகமாக மேலும் கீழும் ஆடியது.