சுவரில் செருகிய ப்ளக்

1
இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. எனக்குப் புரியாத வேலையைப் பார்த்துவிட்டு என்னையே ஏளனமாகப் பார்க்கிறவர்களை எனக்கு ஆகாது. அதனால் ஒரு ஒயர்மேனை உண்டாக்கி, அவர் தலையில் ஒரு கம்ப்யூட்டர் மாப்பிள்ளையையும் கட்டினேன்.

மின்சாரம் என்பது மனித வாழ்வின் (இந்த வரியை அடித்தாயிற்று. எவனோ மேடையில் பேசுகிற மாதிரி இருந்தது.)

2
ரத்தப் பரிசோதனைக் கூடம். லினக்ஸ் என்ற மென்பொருளில் ஓடும் மூன்று கம்ப்யூட்டர்களுக்கும் ஒரே யுபிஎஸ். கரண்ட் போனால் அது முதல் கம்ப்யூட்டருக்கு ஒரு கேபிள் வழியாகச் சொல்லும். அந்த முதல் கம்ப்யூட்டர், நெட்வொர்க் பெட்டி வழியாக மற்ற இரண்டுக்கும் சொல்லும். பேட்டரி தீருமுன் மூன்றும் ஒழுங்காக அணைந்துவிட வேண்டும். போன மாதம் அப்படி அணையாமல் நோயாளிகளின் பதிவுகள் பாழாயின. இன்று முதலாளியே மெயின் ஸ்விட்சை இறக்கிச் சோதிக்கிறார். தேறாவிட்டால் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் மாப்பிள்ளைக்கு வேலை போய்விடும்.

லைட் மாட்ட வந்த ஒயர்மேன் மாமனார், பழக்கதோஷத்தில் ஒவ்வொரு ஒயராகப் பின்தொடர்ந்தார். நெட்வொர்க் பெட்டியின் ப்ளக் யுபிஎஸ்ஸில் இல்லை, சுவரில் இருந்தது. கரண்ட் போன செய்தியைச் சுமக்க வேண்டியவனே முதலில் செத்துப்போவான்.

3
"மாப்பிள்ளை, எல்லாத்தையும் ஒரு தடவை கண்ணால பாத்துட்டீங்களா?"

"ஸ்க்ரீன்ல பச்சை காட்டுது மாமா. பேட்டரி நூறு சதவீதம்."

"ஸ்க்ரீன் கிடக்கட்டும். ஒயரைப் பாத்தீங்களா?"

"இதெல்லாம் உங்களுக்குப் புரியாது மாமா. நீங்க லைட்டை மாட்டுங்க."

மாமனார் வாயை மூடிக்கொண்டு ஏணியில் ஏறினார். (இந்த இடத்தில் அவரை நல்லவராக்க இரண்டு நாள் மெனக்கெட்டேன். ஆள் மசியவில்லை.)

4
முதல் முடிவு: மாமனார் பெருந்தன்மையோடு இறங்கி வந்து (பொய். எழுதும்போதே கூசுகிறது.)

இரண்டாம் முடிவு: அவர் பேசவில்லை. செய்தி கிடைக்காத இரண்டு கம்ப்யூட்டர்களும் பேட்டரி தீரும்வரை ஓடிச் சாகின்றன. வேலை போன மாப்பிள்ளை, மகளோடும் பெட்டி படுக்கையோடும் மாமனார் வீட்டுக்கே வந்து சேர்கிறார். மூன்று வேளையும் எதிரே உட்கார்ந்து லினக்ஸைப் பற்றிப் பேசுகிறார்.

மூன்றாம் முடிவு: யாரும் பார்க்காதபோது மாமனார் ப்ளக்கை மாற்றிச் செருகிவிடுகிறார். சோதனை தேறுகிறது. "நான்தான் சொன்னேனே மாமா" என்று மாப்பிள்ளை ஆயுசு முழுக்கச் சொல்லிக்காட்டுகிறார்.

5
மகள் போனில் கேட்டாள்: "அப்பா, அவரு தேறிருவாரா?"

"பச்சைதாம்மா காட்டுது," என்றார் மாமனார்.

ஏணியிலிருந்து ப்ளக் இரண்டு எட்டு தூரம். யுபிஎஸ்ஸில் ஒரு இடம் காலியாகத்தான் இருக்கிறது. எனக்குக் கை வரவில்லை. மாற்றுவதானால் நீங்கள் மாற்றுங்கள். சீக்கிரம் ஆகட்டும். மெயினைப் பிடித்தபடி முதலாளி நின்றுகொண்டிருக்கிறார். கை கடுக்கிறதாம்.