துமாரின் எடை

ஐந்து மாதம் முடிந்த துமாரைத் தராசில் கிடத்தினேன். போன மாதத்தைவிட இருநூறு கிராம் குறைவு. தூக்கிவிட்டு மறுபடியும் கிடத்தினேன். அதேதான்.

“தராசு சரியில்லையோ, சோல்போன் அக்கா?” என்றாள் அவள் அம்மா மீரிம்.

“தராசு நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப அவரைக் கேளுங்க. விடிஞ்சும் விடியாம சில்லுனு தண்ணியை எடுத்துட்டு வராரே, அவரைக் கேளுங்க.”

அவள் கணவன் குபாத் பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர். வேலைக்குக் கிளம்பி, வாசலில் குனிந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

“ஊத்தல அக்கா, ஈரத்துணியால துடைக்கிறேன். உடம்பு கெட்டிப்படணும்ல? இவ மூணு கம்பளி சுத்தி வெக்கிறா. அது புள்ளையா, தபால் பார்சலா? மூச்சு எப்படி விடும்?”

“வெளியில நவம்பர் மாசம்!”

“நாம மலைக்காரங்கதானே?”

இருவரும் கத்தவில்லை. கத்துவதற்கு உடம்பில் தெம்பு இல்லை. மீரிம் பேசும்போதே கண் செருகியது. குபாத் ஒரு பூட்ஸின் கயிற்றைக் கட்டிவிட்டு, அடுத்ததை மறந்து உட்கார்ந்திருந்தான்.

நாரின் ஆற்றை ஒட்டிய எங்கள் சிறிய ஊரில் இருபத்தாறு வருடமாகக் கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்குப் போய் எடை பார்ப்பதுதான் நர்ஸான என் வேலை. நான் அப்படி எடை பார்த்த பிள்ளைகள் பலர் இன்று தங்கள் பிள்ளைகளைத் தராசில் போடுகிறார்கள். சண்டை போடாத பெற்றோரை நான் பார்த்ததில்லை. ஆனால் இந்த வீட்டுச் சண்டை எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும்.

துமாருக்கு முன் அவர்களுக்கு பாயெல் என்று ஒரு மகன் இருந்தான். மூன்று குளிர்காலங்களுக்கு முன், இரண்டரை மாதத்தில், நெஞ்சில் சளி கட்டிச் செத்துப்போனான். அந்த வாரம் அடுப்புப் புகை வீட்டுக்குள் சூழ்ந்ததால் குபாத் சற்று நேரம் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தான். அந்தக் காற்றுதான் மகனைக் கொன்றது என்று மீரிம் நம்பினாள். அவள் இரவும் பகலும் அடுப்பை எரித்து, போர்த்திப் போர்த்தித்தான் அவன் மூச்சு முட்டியது என்று குபாத் நம்பினான். ஒருவர் முகத்துக்கு நேரே ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை. என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். நான் டீயைக் குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டேன்.

“துமார் ராத்திரி எப்படித் தூங்கறா?” என்று கேட்டேன்.

“எங்க தூங்கறா? நான் போர்த்திவிடுவேன், அவர் எழுந்து எடுத்துருவாரு. நான் எழுந்து மறுபடி போர்த்துவேன்.”

“எத்தனை தடவை?”

மீரிம் கம்பளியின் ஓரத்தை மடித்தாள், குபாத் மறந்திருந்த பூட்ஸின் கயிற்றைக் கட்டினான்.

“ஒவ்வொரு தடவையும் அவ முழிச்சுக்கறா, இல்ல? ரெண்டு பேரும் சேர்ந்து புள்ளையைத் தூங்க விடல. தூங்காத புள்ள பாலை இழுத்துக் குடிக்காது. வெதுவெதுப்பா குளிப்பாட்டுங்க. ஒரே ஒரு கம்பளி. அப்புறம் யாரும் தொடாதீங்க.”

இருவரும் தலையாட்டினார்கள். மூன்று நாள்கூட அப்படி நடக்கவில்லை. நான்காம் நாள் மீரிம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வேன் ஏறி, கோச்கோரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து எடை பார்க்க எங்கள் மருத்துவமனைக்கு வந்தாள். எண்பது கிராம் கூடியிருந்தது. அதைச் சொன்னதும் அவள் முகத்தில் சந்தோஷத்தைவிட வெறிதான் அதிகம் தெரிந்தது.

“பாத்தீங்களா? இதை அப்படியே எழுதிக் குடுங்க அக்கா. அவர்கிட்ட இருந்தா புள்ளைக்கு ஆபத்துன்னு எழுதுங்க. புள்ள என்கிட்டயே இருக்கணும்னு கோர்ட்டுல குடுக்கணும்.”

அதற்குள் யாரோ சொல்லி, குபாத் பள்ளியிலிருந்து ஓடி வந்துவிட்டான். கழுத்தில் விசில் தொங்கியது.

“எனக்கும் எழுதிக் குடுங்க. கோச்கோர் வீட்டுல ஜன்னலையே அட்டை வெச்சு ஒட்டியிருக்காங்களாம். இவ இந்தப் புள்ளையையும் வேக வெச்சுருவா.”

“இந்தப் புள்ளையையுமா?” மீரிம் எழுந்துவிட்டாள். “அப்ப என் பாயெலை நான்தான் கொன்னேன்னு சொல்றியா?”

“நீ சொல்லலையா? மூணு வருஷமா உன் கண்ணு சொல்லிட்டுத்தானே இருக்கு, ஜன்னலைத் திறந்தது நான்னு?”

துமார் வீறிட்டு அழுதாள். நான் கதவைச் சாத்தினேன். சொல்லிவிட வேண்டும் என்று திட்டம் எதுவும் இல்லை. அலுத்துப்போயிருந்தேன், அவ்வளவுதான்.

“ஜன்னலும் இல்ல, கம்பளியும் இல்ல. உட்காருங்க.”

உட்கார்ந்தார்கள்.

“பாயெல் போறதுக்கு மூணு நாள் முன்னாடி நான் உங்க வீட்டுக்கு வந்தேன். நெஞ்சுல குழல் வெச்சுக் கேட்டேன். ஒரு சத்தம் கேட்டுச்சு. அன்னிக்கு எனக்கு இன்னும் ஒன்பது வீடு இருந்தது, பனியும் கொட்டிட்டு இருந்தது. சாதாரணச் சளிதான், வெந்நீர் குடுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். உடனே டாக்டர்கிட்ட அனுப்பியிருக்கணும். அனுப்பியிருந்தா ஒருவேளை பிழைச்சிருப்பான்.”

குபாத் கழுத்து விசிலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். மீரிம் என்னையே பார்த்தாள்.

“மூணு வருஷம்,” என்றாள். “மூணு வருஷமா எங்க வீட்டுல உட்கார்ந்து டீ குடிச்சீங்களே.”

“ஆமா.”

“நாங்க ஒருத்தரை ஒருத்தர் தின்னுக்கிட்டு இருந்தோம். நீங்க ரொட்டியை டீயில தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டீங்க.”

துமார் அவள் மடியில் சரிந்தாள். குழந்தை நழுவிவிடுமோ என்று குபாத் கை நீட்டினான். அவள் யோசித்துவிட்டுக் கொடுத்தாள். அவன் பிள்ளையின் கழுத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தான். சால்வையைக் கழற்றவும் இல்லை, இறுக்கவும் இல்லை.

“சூடா இருக்கா, சரியா இருக்கா? ஒண்ணும் புரியல,” என்றான்.

“எனக்கும் தெரியல,” என்றாள் மீரிம். பிறகு சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அதன்பிறகு யாரும் என்னிடம் கோர்ட்டுக்கான கடிதம் கேட்கவில்லை.

இரண்டு வாரத்தில் என்மேல் புகார் வந்தது. ஒரே தாளில் இருவரும் கையெழுத்திட்டிருந்தார்கள். தலைமை மருத்துவர் கேட்டபோது எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வீடுகளுக்குப் போவதிலிருந்து என்னை எடுத்து, பதிவு அறையில் போட்டார்கள்.

மீரிம் குளிர்காலம் முழுக்க கோச்கோரிலேயே இருந்தாள். குபாத் சனிக்கிழமை தோறும் வேனில் போய் வந்தான். மார்ச்சில் அவள் வீட்டுக்குத் திரும்பினாள். என் இடத்துக்கு வந்த சின்னப் பெண்தான் இதைச் சொன்னாள். துமார் எட்டு கிலோவைத் தொட்டுவிட்டாளாம்.

“சண்டை?” என்று கேட்டேன்.

“இல்லாமலா? இப்ப கறிச்சாறு குடுக்கலாமா வேண்டாமான்னு. ஆனா பேசி முடிச்சுட்டுத் தூங்கப் போயிடறாங்க.”

ஏப்ரலில் சந்தையில் அவர்களைப் பார்த்தேன். குபாத் லேசாகத் தலையசைத்தான். மீரிம் என்னைப் பார்த்தாள், பார்க்காததுபோலப் பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். அவளைக் கூப்பிடத் தோன்றவில்லை. நான் இரண்டு கிலோ உருளைக்கிழங்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.