மேலே பிடிக்கிற கிளட்ச்

அந்தச் சிவப்புக் கார் தெருவுக்குள் நுழைந்த நாளிலிருந்து வேன் அக்காவின் வீட்டுக்காரருக்குப் பந்தயக்காரர் என்று பெயர் வந்துவிட்டது. ஓடிய பந்தயம் ஒன்றும் இல்லை. இரண்டு கைமாறி வந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். பின்சீட்டில் ஒரு பையை வைத்தால் பையே முனகும். ஆனால் அந்தச் சத்தம் இருக்கிறதே! முக்குச் சிக்னல் ஏற்றத்தில் மனிதர் பிரேக்கைத் தொடவே மாட்டார். கிளட்சில் பாதி, ஆக்ஸிலேட்டரில் பாதி என்று வண்டியை அந்தரத்தில் தூக்கிப் பிடித்து உறுமவிடுவார். ஸ்கூட்டர்க்காரர்கள் திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பார்த்தார்கள். கருகல் வாசனைக்கு மூக்கையும் பொத்திக்கொண்டார்கள்.

வேன் அக்கா பதினொரு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறவள். இருபத்திரண்டு பிள்ளைகளோடு அதே ஏற்றத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு நின்று, ஒரு தண்ணீர் பாட்டில்கூடச் சாயாமல் எடுப்பாள். சிவப்புக் காரில் அவள் உட்கார்ந்தது ஒரே ஒரு நாள். வேன் சர்வீசுக்குப் போயிருந்த அன்று மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. கிளட்சிலிருந்து காலை எடுத்தாள், எடுத்தாள், எடுத்துக்கொண்டே இருந்தாள். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கிற உயரத்துக்கு வந்த பிறகுதான் வண்டிக்கு நகரலாம் என்று தோன்றியது.

திரும்பி வந்ததும் சொன்னாள். "ஏங்க, கிளட்ச் ரொம்ப மேலே வந்து பிடிக்குது. பிளேட் தேஞ்சுபோச்சு. நாலாவது கியர்ல மிதிச்சா சத்தம் ஏறுது, வேகம் ஏறலை."

"காலையில நான் வெச்சிட்டுப் போறவரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார் பந்தயக்காரர்.

அந்தப் பேச்சுக்குக் கால் முளைத்து மறுநாளே சலூனுக்குப் போய்விட்டது. "ஒரே நாள்தான் குடுத்தேன். கிளட்சையே முழுங்கிட்டா!" சலூனே குலுங்கிச் சிரித்தது. ஒரே நாளில் தேய்கிற பிளேட் எந்தக் கடையில் கிடைக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கதை ருசியாக இருக்கும்போது அதையெல்லாம் கேட்டு யார் கெடுப்பார்கள்? பக்கத்து நாற்காலியில் முகம் நிறைய நுரையோடு சாய்ந்திருந்த வேன் முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

அவர் வாசலில் வந்து நின்றபோது செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "தப்பா எடுத்துக்காதேம்மா. பெத்தவங்க காதுக்குப் போயிடுச்சு. லீவு முடிஞ்சு ஸ்கூல் தெறக்கறவரைக்கும் சாவி என்கிட்ட இருக்கட்டும். அதுக்குள்ள, தேச்சது நீ இல்லைன்னு உன் வீட்டுக்காரர் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். அன்னிக்கே வாங்கிக்க."

பதினொரு வருடம் அந்த ஒரு வார்த்தையில் போய்த் தொங்கியது.

பந்தயக்காரர் காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோனபோது அவளும் கூடப் போனாள். அவர் கிளட்ச் பெடலின் ரப்பரைத் தடவிப் பார்த்தார். இடது மூலை மொழுமொழுவென்றிருந்தது. "எந்நேரமும் காலை மேலேயே வெச்சிருக்கற ஆளு," என்று அவளிடம் முணுமுணுத்தார். பந்தயக்காரர் நெருங்கியதும், "யார் ஓட்டினாலும் தேயறதுதானே சார்," என்று நிமிர்ந்துவிட்டார். பிளேட் மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்ட கையோடு, வண்டியை விற்றுவிடுவது என்று பந்தயக்காரர் முடிவு செய்தார். மெக்கானிக் கேபிளைத் தளர்த்திவிட்டார். "இப்ப கீழேயே பிடிக்கும். நின்ன இடத்துல மிதிச்சுப் பாக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஏத்தத்துல காட்டிக்கொடுத்துடும், ஜாக்கிரதை."

வாங்க வந்தவர் ஒரு பல் டாக்டர். காரின் முன்பக்கத்தைக் குனிந்து பார்த்த தினுசுக்கு, வாயைத் திற என்று சொல்லிவிடுவாரோ என்றிருந்தது. கியர் வண்டி ஓட்டி வெகுகாலமாயிற்று, யாராவது ஏற்றம் வரைக்கும் ஓட்டிக் காட்டுங்கள் என்றார்.

பந்தயக்காரர் மனைவியைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். "நீ ஓட்டு. என் காலுக்கு அது அடங்காது."

"அப்புறம் சலூன்ல மட்டும் தேச்சது நான்னு சொன்னீங்க?"

"வண்டி கைமாறின அடுத்த நிமிஷம் முதலாளிகிட்ட போய் நான்தான்னு சொல்லிடறேன். உங்க அம்மா மேல சத்தியம்."

"உங்க அம்மா மேல பண்ணுங்க."

பண்ணினார்.

பதினொரு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறவள் என்று டாக்டரிடம் பெருமையாய்ச் சொல்லிச் சாவியையும் கொடுத்தார். அவள் ஓட்டினாள். ஏற்றத்தில் இரண்டாவது கியரைத் தாண்டவில்லை. பிளேட்டில் மிச்சமிருந்தது எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் மிதித்தாள். இஞ்சின் ஒரு தடவைகூட வீணாய்க் கத்தவில்லை. அந்தக் கார் அப்படி நாகரிகமாய் நடந்துகொண்டதை இந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை.

"கிளட்ச் எப்படி இருக்கு மேடம்?" என்றார் டாக்டர்.

சிக்னலில் பச்சை விழுந்தது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். அவள் கண்ணில் வேன் சாவி ஆடியது.

"நல்லா இருக்கு."

"பதினொரு வருஷமா ஸ்கூல் வேன் ஓட்டறவங்க சொன்னா அப்புறம் என்ன!" என்று டாக்டர் அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

கார் போனது. அடுத்த நிமிஷம் வந்தது, அடுத்த நாளும் வந்தது. பந்தயக்காரர் நகரவில்லை. "இப்ப போய் நான்தான் தேச்சேன்னு சொன்னா டாக்டர் காதுக்குப் போகாதா? வண்டி வாசலுக்கே திரும்பி வந்துடும். கொஞ்சம் பொறுத்துக்கோ." கிளட்ச் நன்றாக இருக்கிறது என்று சொன்னவளே அவள்தான். தேய்த்தது யார் என்று இனி அவள் எந்த வாயால் கேட்பாள்? பள்ளி திறந்தது. வேறு யாரோ ஓட்டிய வேன் வாசலைத் தாண்டிப் போய், ஏற்றத்தில் இரண்டு தடவை நின்று நின்று எடுத்தது. அவள் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தி, அந்தச் சத்தம் முடியும்வரை கேட்டாள்.

கார் கைமாறிய ஒன்பதாம் நாள் டாக்டர் ஒரு செய்தித்தாள் பொட்டலத்தோடு வந்தார். பிரித்து மேஜைமேல் வைத்தார். கிளட்ச் பிளேட். ஆணித்தலைகள் பளபளவென்று வெளியே தெரிய, சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது.

"ஓட்டிக் காட்டினது அவதானே சார்? அவளையே கேளுங்க," என்றார் பந்தயக்காரர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "அவர் சொன்னதை நான் நம்பவே இல்லை மேடம். உங்களை நம்பித்தான் வாங்கினேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் அவளும் நாலு வார்த்தை பேசியிருப்பாள். அவள் பிளேட்டைக் கையில் எடுத்தாள். விரலெல்லாம் கரியாயிற்று.

"தேச்சது அவரு. தெரிஞ்சே மறைச்சது நான். என்மேல தப்புதான் டாக்டர்."

பந்தயக்காரர் அப்போதுதான் முகத்தைத் திருப்பினார். "பாத்தீங்களா? அவ வாயாலயே வந்துடுச்சு!"

அவள் சொன்னதில் முதல் பாதி வாசற்படியிலேயே விழுந்துவிட்டது. பின்பாதி சாயங்காலத்துக்குள் சலூனுக்குப் போய்ச் சேர்ந்தது. வேன் அக்காவே தப்பை ஒத்துக்கொண்டாளாம். கிளட்ச் பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒத்துக்கொண்டாளாம். "அப்பவே சாவியை வாங்கினது எவ்வளவு நல்லதாப் போச்சு," என்றார் வேன் முதலாளி. இந்தத் தடவை அவரும் சிரித்தார்.