வேட்டிக்கேற்ற துப்பாக்கி

வேட்டி கட்டுகிறவனுக்காக உலகத்தில் இதுவரை ஒரு துப்பாக்கியும் செய்யப்படவில்லை என்று டெய்லர் நல்லமுத்து திருச்சுழி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் தன் கடையில் வைத்து அறிவித்தான். அறிவிக்கும்போது வாயில் இரண்டு குண்டூசி இருந்தது. சொல் என்னவோ தெளிவாகத்தான் வந்தது. துப்பாக்கி செய்கிறவன் பெல்ட்டை நம்பிச் செய்கிறான், இடுப்பு முடிச்சை நம்பி வாழ்கிற சனத்தை அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை, இந்தக் குறையைத் தீர்க்க ஒருவனால்தான் முடியும், அவன் இந்த மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான் என்றும் சொல்லி முடித்து ஊசிகளைத் துப்பினான். கேட்டுக்கொண்டிருந்தது ஜெகதீஸ்வரன் ஒருத்தன்தான். அவன் சிரிக்கவில்லை. இடுப்பு அவனுடையது.

ஜெகதீஸ்வரன் கரி வியாபாரி. கருவேல மரத்தை மூட்டம் போட்டுக் கரியாக்கி லோடு லோடாக அனுப்புகிறவன். இருபத்திரண்டு வருஷமாக நல்லமுத்துவுக்குக் கூட்டாளி. போன மாசி வரை துப்பாக்கியைப் பற்றி அவனுக்கு ஒரு அபிப்பிராயமும் கிடையாது. மாசியில் நரிக்குடியில் ஒரு காதுகுத்து. பந்தியில் அவனுக்கு எதிரே உட்கார்ந்தவர் இடுப்பில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தார். சட்டை லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அவர் இலையில் மட்டும் கேட்காமலே நல்லி எலும்பு விழுந்ததை ஜெகதீஸ்வரன் பார்த்தான். தன் இலையையும் பார்த்தான். மறுநாளே லைசென்ஸ் எடுத்துக் கொடுக்கிற புரோக்கரைப் பிடித்துவிட்டான்.

நல்லமுத்துவால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

"ஏலே, உசுருக்குப் பயமா இருக்குன்னு கைப்பட எழுதிக் குடுத்தாத்தான் லைசென்சாமே? ஆம்பள எழுதுற எழுத்தாலே அது? எங்கழுத்துல அருவாள வச்சாலும் நான் எழுத மாட்டேன்."

"நீ எழுத வேணாம். நாந்தான் எழுதப்போறேன். நீ தொணைக்கு மட்டும் வா."

துணைக்கு மதுரைக்கு, துப்பாக்கிக் கடைக்குப் போனான். கடைக்காரர் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியைத் தொட விடமாட்டேன் என்றார். வந்தவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு, கழற்றிவைத்திருந்த கைப்பிடித் தகடுகளை மட்டும் கண்ணாடி மேஜைமேல் பரப்பினார். ஒன்று வழவழவென்று மரம். ஒன்று சின்னச் சின்னக் கட்டம் போட்ட பிளாஸ்டிக். ஒன்று ரப்பர். ஜெகதீஸ்வரனுக்கு மரம் பிடித்திருந்தது, பளபளப்பாக இருந்ததால். நல்லமுத்து கண்ணை மூடிக்கொண்டு துணியைப் பார்ப்பதுபோலக் கட்டைவிரலால் மூன்றையும் தடவினான். பிறகு தீர்ப்புச் சொன்னான். மரம் ஆகாது, நம்ம ஊர் வெயிலில் கை வேர்த்தால் வழுக்கும். ரப்பர் ஆகாது, சட்டையைக் கவ்விக்கொண்டு காட்டிக்கொடுக்கும். கட்டம் போட்டது கைக்கு உத்தமம், ஆனால் இடுப்பை அரம் மாதிரி ராவும். "கை படுற பக்கம் சொரசொரப்பு, ஒடம்பு படுற பக்கம் வழவழப்பு. அப்படி ஒண்ணு இருக்கா?" என்று கேட்டான். கடைக்காரர் தகடுகளை அள்ளி உள்ளே வைத்துவிட்டார்.

இல்லாததை நல்லமுத்துவே செய்தான். பூவரசங்கட்டையைத் துப்பாக்கி அளவுக்குச் செதுக்கினான். ஜெகதீஸ்வரனின் அண்டர்வேரில் வலது பக்கம் ஒரு உள்பை தைத்தான். கட்டைக்கு முதலில் உப்புத்தாள் ஒட்டிக் கொடுத்துக் கோயில்வரை நடந்துவிட்டு வரச் சொன்னான். சித்திரை வெயில். போனவன் திரும்பும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தான், இடுப்பில் தோல் உரிந்திருந்தது. மறுநாள் சைக்கிள் கைப்பிடி ரப்பரைச் சுற்றி அனுப்பினான். சட்டை கட்டையோடு ஒட்டிக்கொண்டு மேலே ஏறியது. டீக்கடை மாரிக்கனி அடுப்பை விட்டு வெளியே வந்தே கேட்டுவிட்டாள்.

"என்னண்ணே, கொடலு எறங்கிருச்சா? வெக்கப்படாதீக. பரளச்சில ஒருத்தரு கட்டுப் போடுறாரு."

மூன்றாம் நாள் பையின் உடம்புப் பக்கத்துக்குக் கோட்டுக்குள் வைக்கிற லைனிங் துணியை இரட்டையாகக் கொடுத்துத் தைத்தான். அது அமைந்துவிட்டது. ஜெகதீஸ்வரன் உட்கார்ந்தான், எழுந்தான், குனிந்து செருப்பு மாட்டினான். ஒன்றும் உறுத்தவில்லை.

அந்த மூன்று நாளும் கடையின் பின்னறையில் நல்லமுத்துதான் அவன் இடுப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டான். அப்படித் தடவிக்கொண்டிருந்தபோதுதான் ஜெகதீஸ்வரன் கேட்டான்: "ஏலே, நீ எப்பவாச்சும் கோவத்துல ஆரையாச்சும் குத்தப் போயிருக்கியா?" கூட்டாளி கேட்கிறான் என்று நல்லமுத்து சொன்னான். காட்டு நிலத்தைப் பாகம் பிரித்த அன்று பேச்சு முற்றி, துணி வெட்டிக்கொண்டிருந்த கத்தரியோடு அண்ணன் கழுத்துவரை போய்விட்டான். எப்படிக் கையை நிறுத்தினான் என்று அவனுக்கே தெரியாது. அண்ணன் வெளியே சொல்லவில்லை. இவன் தன் பெண்டாட்டி முருகலட்சுமியிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானதுபோல இருந்தது. ஜெகதீஸ்வரன் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டான்.

இரண்டு வாரம் கழித்து ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். லைசென்ஸ் விசாரணை என்றதும் நல்லமுத்து தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான். நற்சாட்சி சொல்லப் போகிறவன் கசங்கிப்போய் நிற்கக்கூடாது. தங்கமான மனுசன், குடி கிடையாது, வேலை ஆட்களிடம் அதிர்ந்து பேச மாட்டான் என்று வழியெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டே போனான்.

ஏட்டு பால்பாண்டி மனுவைப் பிரித்து வாசித்தார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"'திருச்சுழியில் தையல் கடை நடத்திவரும் நல்லமுத்து என்பவரால் என் உயிருக்கு ஆபத்து உள்ளது. மேற்படி நபர் முன்கோபி. எந்நேரமும் கூரிய ஆயுதத்துடன் காணப்படுபவர். பாகப்பிரிவினையின்போது சொந்த அண்ணன் கழுத்துக்கே மேற்படி ஆயுதத்தைக் கொண்டு சென்றவர்.' என்ன ஆயுதம்ணே அது?"

"கத்திரி சார். நான் டெய்லரு."

ஏட்டு அதையும் குறித்துக்கொண்டார்.

நல்லமுத்து வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று போன் போட்டான்.

"கூப்ட்டாகளா? நல்லதாப் போச்சு," என்றான் ஜெகதீஸ்வரன். பின்னால் லாரியில் கரிமூட்டை விழுகிற சத்தம். "பகை இருக்கு, ஆமான்னு மட்டும் எழுதிக் குடுத்துட்டு வந்துரு."

"எம் பேரையாலே எழுதுன?"

"ஆரு பேரையாச்சும் எழுதணும்லே. வெளியாளு பேரப் போட்டா அவன் நெசமாவே வெட்ட வந்துருவான். நீன்னா கோவிச்சுக்கிற மாட்ட."

"எங்கண்ணன் சங்கதிய?"

இரண்டு மூட்டை விழுந்தது.

"சும்மா பேரு மட்டும் போட்டா நிக்காது, ஒரு சம்பவம் வேணும்னு புரோக்கரு சொன்னாரு. எனக்கு வேற என்னலே தெரியும்? சரி, சாயங்காலம் கடைக்கு வாரேன். அந்தப் பையில லைனிங் ஒரு ஓரமா நெகிழுது, ஒரு தையல் போட்டுக் குடுத்துரு."

நல்லமுத்து போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். பகை இல்லை என்று எழுதினால் லைசென்ஸ் போச்சு, கூட்டாளி பொய்யன் ஆவான். ஆமாம் என்று எழுதினால் இவன் கொலைகாரன் ஆக வேண்டும். ஆனால் அவன் யோசித்தது அதை இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஜெகதீஸ்வரனிடம் வேறு என்னென்ன சொல்லியிருக்கிறோம் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். கல்யாணத்துக்கு முந்தின சங்கதி ஒன்று. முருகலட்சுமியின் தங்கச்சி வீட்டுச் சங்கதி ஒன்று. மச்சானைப் பற்றிப் பேசியது. நினைக்க நினைக்க வந்துகொண்டே இருந்தது. தேய்த்த சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

உள்ளே போனான்.

"பகை இருக்கு, இல்ல, ரெண்டுல ஒண்ண எழுதுங்கண்ணே. எனக்கு அது போதும்," என்று ஏட்டு ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

"கொஞ்சம் கூட எழுதலாமா சார்?"

"தாராளமா."

நல்லமுத்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து தாளைத் தொடைமேல் வைத்துக்கொண்டான். ஐயா, என்று எழுதினான். கீழே ஜெகதீஸ்வரனின் முழுப்பெயரை அப்பா பெயரோடு எழுதினான். 'மேற்படி நபரால் எனக்கு' என்றவரை வந்தது, பேனா நின்றது. 'உயிருக்கு' என்று எழுதி, 'பயமாக' என்றும் எழுதினான். ஆடு காணாமல்போன புகாரோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் என்ன எழுதுகிறான் என்று எட்டிப் பார்த்தார். நல்லமுத்து இடது கையை வளைத்துத் தாளை மறைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனான்.