நெற்றியில் எழுதிய மணி

எண்பத்து நாலாம் வருஷம் தை மாதம் குவாரிக்குப் பட்டைகள் வந்தன. காக்கித் துணி, இரண்டு விரல் அகலம், ஒரு முனையில் கொக்கி, நடுவில் விரல் நீளத்துக்கு ஓர் இரும்புக் குச்சி. ஆளுக்கு ஒன்று. இடுப்பில் கட்டிக்கொண்டுதான் பள்ளத்தில் இறங்க வேண்டும் என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். கை கால் கிழிந்து ரத்தம் கொட்டினால் காயத்துக்கு மேலே பட்டையைச் சுற்றிக் குச்சியைத் திருக வேண்டும். ரத்தம் நிற்கும். பட்டாளத்தில் நர்சிங் வேலை பார்த்துவிட்டு வந்த ராஜப்பன் தன் தொடையிலேயே கட்டிக் காட்டினார்.

"செருப்பு கேட்டோம். பெல்ட்டு குடுக்கறாங்க," என்றார் ஞானராஜ்.

"வுடுங்க மாமா, லுங்கி நழுவாது," என்றான் சவரி. எல்லோரும் சிரித்தார்கள்.

சவரியின் மனைவி லூர்து மேரி சிரிக்கவில்லை. அதே குவாரியில் கல்சில்லு அள்ளுகிறவள் அவள். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"காலு போவும்னு தெரிஞ்சுதானே இதக் குடுக்கறாங்க?"

"உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல."

"போன வருசம் கல்லு விழுந்தப்ப மாயவனுக்கும் இந்த ராஜப்பண்ணன்தான் துண்டால இப்படிக் கட்டுனாரு. ஆஸ்பத்திரியிலருந்து ஒத்தக் காலோட வந்தான்."

"கட்டலன்னா ஆளே வந்திருக்க மாட்டான்."

"அதையும் ராஜப்பண்ணன்தான் சொன்னாரு."

மாசி முடிவதற்குள் கிரேனின் கம்பி வடம் அறுந்தது. சுழன்று வந்த முனை சவரியின் இடது கெண்டைக்காலை எலும்பு வரை திறந்துவிட்டது. விழுந்த கல் ஞானராஜின் கையை அழுத்திக்கொண்டு கிடந்தது.

மேரி கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் ராஜப்பன் சவரியின் இடுப்புப் பட்டையை உருவித் தொடையில் சுற்றியிருந்தார். குச்சியைத் திருகினார். சவரி அலறினான். இன்னொரு திருகு. ரத்தம் நின்றது. கால் வெளுத்தது. குச்சியின் முனையைப் பட்டைக்குள் செருகினார். பிறகு கல்லுக்கு அடிக்கும் சிவப்புப் பெயிண்ட் டப்பாவில் விரலைத் தோய்த்துச் சவரியின் நெற்றியில் எழுதினார்.

"கட்டுன மணி எழுதியிருக்கறேன். டாக்டர் பாக்கற வரைக்கும் பட்டைய யாரும் தொடக் கூடாது. நான் ஞானராஜ எடுக்கணும். நீ கூடப் போம்மா."

மேரிக்குப் படிக்கத் தெரியாது. அந்தப் பெயிண்டைத் தெரியும். கல்லைத் தட்டிப் பார்த்து, அளந்து, சிவப்பில் எழுதுவார்கள். எழுதிய கல் அறுவை மில்லுக்குப் போகும். எழுதாத கல்லை யாரும் அறுப்பதில்லை. எழுதிய கல் முழுதாகத் திரும்பியதில்லை.

டிரைவர் மாதேஸ்வரன் குவாரி லாரியை எடுத்தான். பின்னால் சாக்குகள் மேல் சவரி கிடந்தான். அவன் தலை மேரியின் மடியில். எழுத்து அவள் கண்ணுக்கு நேராக இருந்தது.

மணி என்றார். மணி எழுத நெற்றி எதற்கு? அங்கே போனதும் இதைப் பார்த்துவிட்டு என்ன செய்வார்கள்?

பெயிண்ட் காயவில்லை. முந்தானையால் துடைத்தாள். இழுபட்டது. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். எழுத்துப் போய் வெறும் சிவப்பு மட்டும் நின்றது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி வரவேண்டும். மாதேஸ்வரன் இறங்கி கேட் காவல்காரரிடம் சத்தம் போட்டான்.

"காலு செத்துப் போச்சு, மேரி," என்றான் சவரி. "அவுத்து வுடு."

பாதத்தைத் தொட்டாள். சில்லிட்டிருந்தது. நகங்கள் நீலமாக இருந்தன. இப்படித்தான் கொண்டுபோய்க் காட்டுவார்கள். செத்த காலை எடுக்காமல் என்ன செய்வது என்பார்கள்.

செருகியிருந்த குச்சி முனையை உருவினாள்.

சவரி மூச்சு விட்டான். முகம் தெளிந்தது. அடுத்த கணம் ரத்தம் லாரியின் பக்கப் பலகையில் அடித்தது. அவன் கண்கள் மேலே செருகின. மேரி குச்சியைப் பிடித்தாள். வழுக்கியது. தொடைமேல் முழங்காலை ஊன்றி இரண்டு கையாலும் திருகினாள். நிற்கவில்லை. இன்னும் திருகினாள். நின்றது.

கூட்ஸ் வண்டி கடந்து கேட் திறந்ததும் மாதேஸ்வரன் பலகையில் ஏறிப் பார்த்தான்.

"என்னாக்கா பண்ணுன?"

"வண்டிய எடு."

அதன்பின் அவள் குச்சியை விடவில்லை. தர்மபுரி ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் ஓடியபோது பிடித்தபடியே கூட ஓடினாள்.

டாக்டர் சின்ன வயசு. "எத்தனை மணிக்குக் கட்டினது?"

"நெத்தியில எழுதியிருக்குங்க சார்," என்றான் மாதேஸ்வரன். பார்த்தான். அங்கே வெறும் சிவப்புதான் இருந்தது.

"நான்தாங்க அழிச்சேன்," என்றாள் மேரி. "மணி எதுக்குங்க? கால எடுக்கறதுக்கா?"

"எடுக்காம இருக்க முடியுமான்னு பாக்கறதுக்கு. ரொம்ப நேரம் ஆகலன்னா கால் பிழைக்கும்."

மாயவனிடமும் யாராவது இப்படிச் சொல்லியிருப்பார்கள். அவள் டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை.

"சோத்துக்கு அப்புறம் வேலைச் சங்கு ஊதுச்சுங்க. நாலு கூடை கொட்டுனேன். அஞ்சாவது கூடை தலையில இருக்கறப்ப வடம் அறுந்துச்சு."

"சங்கு ஒரு மணிக்குங்க," என்றான் மாதேஸ்வரன். "நாலு கூடைன்னா பத்து நிமிசம்."

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு இருபது. "நடுவுல அவிழ்த்தீங்களா?"

மாதேஸ்வரன் தரையைப் பார்த்தான். அவன் சொல்ல மாட்டான். ஆமாம் என்றால் இனி எல்லாம் அவள் தலையில் விழும். கால் போனாலும், ஆள் போனாலும்.

"அவுத்தேன். கேட்டுல. ஒரு தடவ."

டாக்டர் சீட்டில் எழுதினார். "கையை எடும்மா. நான் பாத்துக்கறேன்."

"என்ன எழுதுனீங்க?"

"நீ சொன்னதைத்தான். கட்டினது ஒண்ணு பத்து. ஒரு தடவை அவிழ்த்தது."

"கால எடுக்கணும்னு எழுதலீங்களா?"

"இல்லை."

மேரி மாதேஸ்வரனிடம் திரும்பினாள். "நீ படிச்சுப் பாரு."

அவன் சீட்டின்மேல் குனிந்தான். உதடுகள் அசைந்தன.

"இங்கிலீசுல இருக்குதுக்கா."

அவள் சவரியைப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அவர் விரல்களைக் குச்சியின் மேல் வைத்து அழுத்தினாள்.

"இறுக்கிப் புடிங்க," என்றாள். "நான் இங்கதான் நிப்பேன்."